டிவிடி தட்டில் பிளாஸ்மான் பிடிப்பது எப்படி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், எழுதப்படாத டிவிடி-ஆர் தட்டுகள் ஒரு கட்டு கிடந்தது. இனி யாரும் அதில் எதையும் பதியப் போவதில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. ஒரு மழை நாளில் மின்சாரம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்தேன். அன்றிலிருந்து அந்தக் கட்டு குறைந்துகொண்டே வருகிறது. முதுகலை மாணவர்கள் சர்ஃபேஸ் பிளாஸ்மான் பற்றிப் படிக்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், ஆனால் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்ப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பிஎஸ்சி வகுப்பில் சோடியம் விளக்கோடு பாடுபடுத்தும் அதே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது ஒளிக்கதிர் திரும்பும் கோணத்தை அளக்கும் கருவி, போதும்.

முதலில், பிடிக்கப்போவது என்ன என்று பார்த்துவிடலாம். தங்கம், வெள்ளி போன்ற உலோகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான் கூட்டம் ஒன்றாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு மின்காந்தப் புலம் பரப்பை விட்டு விலகாமல் ஓடும். இரண்டும் சேர்ந்த அலைதான் சர்ஃபேஸ் பிளாஸ்மான். அது தங்கத்தில் சிவப்பு ஒளிக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர்தான் ஓடும், பிறகு சூடாகிச் செத்துவிடும். வெள்ளியில் அதைப்போலப் பல மடங்கு தூரம் போகும்.

இந்த அலையை வெறும் டார்ச் அடித்து எழுப்ப முடியாது. அதே அதிர்வெண் கொண்ட ஒளியின் அலைநீளத்தைவிட இதன் அலைநீளம் கொஞ்சம் குறைவு. காற்றிலிருந்து எந்தக் கோணத்தில் அடித்தாலும் ஒளியின் அலை பரப்பில் இதோடு கால் எட்டிப் பிடிக்காது. 650 நா.மீ. (நானோமீட்டர்) சிவப்பில் தங்கத்துக்கு வெறும் 4 சதவீதம்தான் குறைகிறது, ஆனால் அந்த 4 சதவீதத்தை எங்கிருந்தாவது கொடுத்தாக வேண்டும். 1968இல் ஓட்டோ ஒரு விதமாகவும், கிரெட்ச்மானும் ரேதரும் இன்னொரு விதமாகவும் பட்டகம் வைத்துக் கொடுத்தார்கள். நாம் கொடுக்கப்போவது கிரேட்டிங் வழியாக, அதாவது நெருக்கமான பள்ளங்கள் வரிசையாக ஓடும் பரப்பு வழியாக. டிவிடி தட்டின் பள்ளங்களே நமக்கு அந்தக் கிரேட்டிங். பாடநூல் இதைக் கீற்றணி என்கிறது. ஆய்வகத்தில் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பட்டகத்தைவிடக் கிரேட்டிங்தான் மூத்தது. 1902இல் பால்டிமோரில் ராபர்ட் வுட் ஒரு கிரேட்டிங்கில் வெள்ளை ஒளியை விழச்செய்து நிறமாலையைப் பார்த்தார். சீராக இருக்க வேண்டிய நிறமாலையில் திடீரென்று இருட்டுப் பட்டை, பக்கத்திலேயே பளிச்சென்ற பட்டை. பிரகாசத்திலிருந்து இருட்டுக்கு விழும் அந்தச் சரிவு, சோடியத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவிலிருக்கும் இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிட்டது. 589.0, 589.6 என்று நோட்டில் எழுதியவர்களுக்கு அது எவ்வளவு குறுகலான இடம் என்று தெரியும். ஒளியின் மின்புலம் பள்ளங்களுக்குக் குறுக்காக இருந்தால் மட்டுமே பட்டை தெரிந்தது என்பதையும் அவர் கவனித்தார். 1907இல் இயற்பியலாளர் ராலே பாதி விளக்கம் சொன்னார். 1941இல் ஃபானோ பரப்பலையைக் கொண்டுவந்து மீதியைச் சொன்னார். வுட்டும் ராலேயும் கண்ட இரண்டும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வருவதுதான் நமக்கு வழிகாட்டி. அது பிறகு.

கணக்கு ஒரே வரி. படுகோணத்தின் சைனோடு, அலைநீளத்தைப் பள்ள இடைவெளியால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டல் பிளாஸ்மானின் பயனுறு ஒளிவிலகல் எண்ணுக்கு, அதாவது அதன் அலைநீளம் ஒளியினுடையதைவிட எத்தனை மடங்கு குறுகியது என்பதற்கு, சமமாகும் கோணத்தில் அலை எழும். அப்போது எதிரொளிக்கும் ஒளி குறையும், அந்தச் சரிவைத்தான் தேடப்போகிறோம். அந்த எண் எப்படி வரும்? உலோகத்தின் விடுதிறனையும் (மின்புலத்துக்கு அது எப்படி ஈடுகொடுக்கிறது என்ற எண்) ஊடகத்தின் விடுதிறனையும் பெருக்கி, அவற்றின் கூட்டலால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வரும். தங்கத்துக்கு 650 நா.மீ.இல் விடுதிறனின் மெய்ப்பகுதி சுமார் −13, ஆகவே காற்றில் எண் 1.041. வெள்ளிக்குச் சுமார் −19.4, எண் 1.027. டிவிடியில் பள்ளத்துக்குப் பள்ளம் 740 நா.மீ. 650ஐ 740ஆல் வகுத்தால் 0.878. தங்கத்துக்கு மீதி 0.163, அதாவது 9.4 டிகிரி. வெள்ளிக்கு 8.5 டிகிரி. ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நா.மீ. வைத்திருப்பவர்களுக்குத் தங்கத்தில் 11 டிகிரி, வெள்ளியில் 10.

சிடி ஏன் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவர் கேட்பார். அதில் பள்ள இடைவெளி 1600 நா.மீ. கிரேட்டிங் பிரித்து அனுப்பும் கதிர்கள் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று எல்லாம் வந்து கூட்டம் போடும். எந்தச் சரிவு யாருடையது என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். புளூ-ரேயில் 320 நா.மீ., சிவப்பு ஒளிக்குக் காற்றில் சரிப்படாது. டிவிடிதான் அளவாக அமைந்தது.

லேசருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சிவப்பு டயோடு மாட்யூல் போதும். டயோடு லேசரின் ஒளி இயல்பாகவே ஒரே தளத்தில் அதிர்வதால் பாதி வேலை மிச்சம். பழைய ஹீலியம்-நியான் குழாய்களில் பல அப்படியில்லை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு வைத்தவுடன் ஒளி ஏறி இறங்கி ஆடும். அரை மணி நேரம் சூடாக விட்ட பிறகே அளக்க உட்காருங்கள். பச்சைப் பாயின்டர் மட்டும் வேண்டாம், அதாவது தங்கத்துக்கு வேண்டாம். 532 நா.மீ.இல் தங்கம் ஒளியை விழுங்கத் தொடங்கிவிடுகிறது, அதனால்தான் தங்கம் மஞ்சளாக இருக்கிறது. என் மாணவி ஒருத்தி பச்சை லேசரும் தங்கத் தட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தேடினாள். கோணக் கணக்கு சரி, பொருத்தியதும் சரி, சரிவு மட்டும் இல்லை. வெள்ளித் தட்டை மாற்றிக் கொடுத்தேன். 19 டிகிரி பக்கத்தில் உடனே வந்தது.

இனி தட்டு. டிவிடி என்பது 0.6 மி.மீ. தடிமனில் இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளை முகத்தோடு முகம் ஒட்டியது. கனமான கத்தரியால் பீட்சா துண்டு போல வெட்டினால், வெட்டும்போதே ஓரத்தில் அடுக்கு விட்டுக்கொள்ளும். அதில் நகத்தைக் கொடுத்துப் பிளந்துவிடலாம். பிளேடை நுழைக்காதீர்கள், வழுக்கி விரலுக்கு வரும். துண்டை வெளி ஓரத்திலிருந்து எடுங்கள். பள்ளங்கள் வட்டமாக ஓடுவதால், உள்பக்கம் போகப் போக வளைவு கூடும்.

பிளந்ததும் ஒரு பாதியில் கத்தரிப்பூ நிறச் சாயம் இருக்கும், அதன் அடியில்தான் அச்சிட்ட பள்ளம். மற்ற பாதியில் பெரும்பாலும் உலோகப் படலம் கோந்தோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். இரண்டும் பயன்படும். பூச்சு வசதி இல்லாதவர்களுக்கு உலோகப் பாதி ஒரு வரப்பிரசாதம். அந்தப் படலம் பெரும்பாலும் வெள்ளிக் கலவை, பள்ளத்தின் அச்சு அதிலேயே பதிந்திருக்கிறது. சாயக் கறையை எத்தனாலில் அலசி எடுத்தால் கிரேட்டிங் தயார். பஞ்சால் தேய்க்கக் கூடாது. கிண்ணத்தில் ஊற்றி ஆட்டி, புது எத்தனாலில் இன்னொரு முறை ஆட்டி, சாய்த்து வைத்து உலரவிடுங்கள். கொலுசு கறுப்பது போல இதுவும் கறுக்கும். ஆகவே பிளந்த அன்றோ மறுநாளோ அளந்துவிட வேண்டும்.

அசிட்டோனைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். சாயம் சீக்கிரம் போகுமே என்று நான் ஊற்றினேன். பாலிகார்பனேட் ஒரு நிமிடத்தில் வெந்த ஜவ்வரிசி போல வெளுத்துப்போனது.

சாயப் பாதியைக் கழுவினால் தெளிவான பிளாஸ்டிக் கிரேட்டிங் மிஞ்சும். அதன்மேல் தங்கம் பூச வேண்டும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தால், மாதிரிகளுக்குத் தங்கம் பூசும் ஸ்பட்டர் கோட்டர் நிச்சயம் இருக்கும். கேட்டால் ஒரு மூலையில் இதையும் வைத்துத் தருவார்கள். எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்பார்கள். இங்கேதான் பலரும் பட்டக முறையைப் படித்துவிட்டு 50 நா.மீ. என்று சொல்கிறார்கள். பட்டகத்தில் ஒளி உலோகத்தின் பின்பக்கமிருந்து ஊடுருவி வர வேண்டும், அதனால் அந்தக் கண்டிப்பு. நாம் மேலிருந்து அடிக்கிறோம், ஒளி ஊடுருவாத அளவுக்கு இருந்தாலே போதும். 80லிருந்து 100 நா.மீ. சொல்லுங்கள். தண்ணீரில் நனைக்கும் எண்ணம் இருந்தால் அடியில் 2 அல்லது 3 நா.மீ. குரோமியமும் கேளுங்கள், இல்லாவிட்டால் தங்கம் உரிந்து மிதக்கும். ஒரே மூச்சில் பூச வேண்டாம், இடைவெளி விட்டு விட்டுப் பூசச் சொல்லுங்கள். என் முதல் துண்டு சூட்டில் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து வந்தது.

அடுத்து ஸ்பெக்ட்ரோமீட்டர். பிரிஸம் டேபிளை வழக்கம்போல மூன்று திருகால் மட்டப்படுத்துங்கள். தட்டுத் துண்டை ஒரு மைக்ராஸ்கோப் ஸ்லைடில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, முகம் டேபிளின் நடு அச்சில் வருமாறு நிறுத்துங்கள். பள்ளங்கள் செங்குத்தாக, அதாவது சுழலும் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, லேசரே சொல்லும். லேசரை அடித்து, சிதறும் புள்ளிகளை ஒரு வெள்ளைச் சார்ட் தாளில் பிடியுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருந்தால் பள்ளம் நேர். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போனால் துண்டைத் திருப்பி ஒட்டுங்கள். கண்ணாடி போன்ற தட்டு லேசரை நாலாபக்கமும் வீசும். உட்கார்ந்து வேலை செய்யும்போது கண் அதே மட்டத்தில் இருக்கும் என்பதை மறக்காமல், தேவையில்லாத புள்ளிகளைக் கறுப்புத் தாளால் மறைத்துவிடுங்கள்.

லேசரைக் காலிமேட்டர் (ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளியை இணைக்கற்றையாக்கும் குழாய்) வழியாக விட முயல வேண்டாம். நமக்கு வேண்டிய 9 டிகிரியில் எதிரொளித்த கதிர் வந்த கதிரிலிருந்து 18 டிகிரிதான் விலகியிருக்கும். தொலைநோக்கியும் காலிமேட்டரும் அவ்வளவு நெருங்கினால் முட்டிக்கொள்ளும். காலிமேட்டரை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, லேசரை வேறு பக்கமிருந்து, முக்கால் மீட்டர் தள்ளித் தனி ஸ்டாண்டில் வையுங்கள். தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டு அந்தக் கையில் போட்டோடயோடைக் கட்டினேன். பிபிடபிள்யூ 34, ஒரு 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோஓம் தடை, மல்டிமீட்டர். அவ்வளவுதான். டயோடைப் பின்னோக்குச் சார்பில் வைத்துத் தடையின் குறுக்கே மில்லிவோல்ட் படித்தால், அதுவே ஒளியின் அளவு. விளக்கை அணைத்துவிட்டு, லேசரை மறைத்து ஒரு முறை படித்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சுழியக் கோணத்துக்கு, எதிரொளித்த புள்ளி லேசரின் வாய்க்கே திரும்பிப் போகும்வரை டேபிளைத் திருப்புங்கள். அப்போது வெர்னியர், அதாவது கோண அளவுகோல், காட்டும் அளவுதான் சுழியம்.

இப்போது வேட்டை. நேராக 9.4 டிகிரிக்குப் போய் அங்கே தேடாதீர்கள். மல்டிமீட்டரில் எண் குறைந்தால், டயோடு புள்ளியை விட்டு விலகியதாலா, தட்டில் கீறல் இருந்ததாலா, உண்மையிலேயே பிளாஸ்மானா என்று தெரியாது. நான் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் ஏமாந்தேன். பிறகு கண்டுகொண்ட வழி இது. டேபிளை மெல்லத் திருப்பும்போது முதல் வரிசைக் கதிர்களில் ஒன்று தட்டின் முகத்தை ஒட்டி ஒட்டிச் சாயும். ஒரு துண்டுத் தாளைத் தட்டின் ஓரத்தில் பிடித்தால் அந்தச் சிவப்புப் புள்ளி நீண்டு, இழுபட்டு, ஒரு கட்டத்தில் தட்டுக்குள்ளேயே அமுங்கினாற்போல மறைந்துவிடும். 650 நா.மீ.க்கு அது 7.0 டிகிரியில் நடக்கும். ராலே சொன்னது இந்த இடத்தைத்தான். உலோகம் எதுவானாலும் இது மாறாது, அலைநீளமும் பள்ள இடைவெளியும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மாட்யூலின் மேல் ஒட்டிய அலைநீளம் சரியா என்றுகூட இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

கதிர் மறைந்ததா? அதே திசையில் இன்னும் திருப்புங்கள். வெளியே போக முடியாத அந்தக் கதிர்தான் இனிப் பரப்போடு ஓடும் அலையாக மாறப்போகிறது. வெள்ளியானால் ஒன்றரை டிகிரியில், தங்கமானால் இரண்டரை டிகிரிக்குள், எதிரொளித்த புள்ளி மங்கும். பத்துப் பத்து நிமிடமாக, நான் சொல்வது கோண நிமிடம், நகர்த்தி ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை இரட்டிப்புக் கோணம் திருப்பிப் படியுங்கள். வரைபடத்தில் ஒரு சரிவு விழும். தங்கத்தில் அதன் அகலம் நல்ல தட்டில் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல். மறுபக்கம் −9.4 டிகிரியிலும் அதே சரிவு வர வேண்டும். வராவிட்டால் உங்கள் சுழியம் தவறு.

பிளாஸ்மான்தான் என்று நிரூபிக்க ஒரு வேலை பாக்கி. பள்ளங்கள் செங்குத்தாக இருப்பதால் மின்புலம் கிடைமட்டமாக இருந்தால்தான் அலை எழும். லேசர் எந்தத் தளத்தில் அதிர்கிறது என்று தெரியவில்லையா, டேபிளில் ஒரு வெறும் கண்ணாடி ஸ்லைடை நிறுத்தி 56 டிகிரியில் எதிரொளிப்பைப் பாருங்கள். மாட்யூலை அதன் அச்சிலேயே சுழற்றும்போது எந்த நிலையில் எதிரொளிப்பு ஏறக்குறைய அணைந்துபோகிறதோ, அதுதான் கிடைமட்டம். அந்த நிலையில் ஒரு முறையும், 90 டிகிரி சுழற்றி ஒரு முறையும் தட்டை அளவிடுங்கள். முதலாவதில் சரிவு விழும், இரண்டாவதில் கோடு அமைதியாகப் போகும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரைந்தால் கீறல், தூசி எல்லாம் பெருமளவு அடிபட்டுப்போய், பிளாஸ்மான் மட்டும் நிற்கும். நான் வகுத்த வரைபடத்தைத்தான் மாணவர்களிடம் வாங்குகிறேன்.

வரைபடத்தில் சரிவு அகலமாக, ஆழமில்லாமல், தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில் போல வருகிறதா? பெரும்பாலும் தட்டின் வரிப்பள்ளம் ஆழம் கூடியது என்று அர்த்தம். சிவப்புக்கு 40, 50 நா.மீ. ஆழம் அருமையாக இருக்கும். டிவிடி-ஆர் தட்டில் அது 100 நா.மீ.ஐத் தாண்டிவிடுகிறது. ஆழம் கூடினால் எழுந்த பிளாஸ்மான் சூடாகி அடங்குவதற்குள் மறுபடி ஒளியாகி வெளியே ஓடிவிடும். ஆழம் மிகக் குறைந்தால் அலை எழவே எழாது. இரண்டு இழப்பும் சமமாகும் இடத்தில்தான் புள்ளி அணையும் அளவுக்கு இருட்டு வரும். வாங்கிய தட்டின் ஆழத்தை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் தேர்ந்தெடுக்கலாம். நாலைந்து கம்பெனித் தட்டுகளைப் பிளந்து, ஒரே லேசரை ஒரே கோணத்தில் அடித்து, முதல் வரிசைப் புள்ளி எதில் மங்கலாக இருக்கிறது என்று பாருங்கள். மங்கலாக இருப்பதுதான் ஆழம் குறைந்தது. தேங்காய் வாங்குவது போலத்தான், தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். பணம் இருப்பவர்கள் மில்லிமீட்டருக்கு 1200 கோடுகள் கொண்ட ஹாலோகிராஃபிக் கிரேட்டிங் வாங்கித் தங்கம் பூசலாம். கோணம் மாறும், மேலே சொன்ன கணக்கில் 740க்குப் பதில் 833 போட்டுக்கொள்ளுங்கள்.

எண்களில் நம்பிக்கையில்லாதவர்களுக்கும், கல்லூரித் திறந்த நாளுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான் காட்டுவது வேறு. டயோடைக் கழற்றிவிட்டு, லேசருக்கும் தட்டுக்கும் நடுவில் 5 செ.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை வைத்துத் தட்டின்மேல் குவிக்கிறேன். லேசர் கற்றை 3 மி.மீ. அகலம் என்றால் தட்டில் விழும் கூம்பில் மூன்று டிகிரிக்கும் மேல் கோணங்கள் ஒரே நேரத்தில் இருக்கும். சரியான இடத்தில் நிறுத்தினால், சுவரில் விழும் சிவப்பு வட்டத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு. டேபிளைத் திருப்பினால் கோடு வட்டத்துக்குள் நகரும். லேசரை 90 டிகிரி சுழற்றினால் கோடு காணாமல் போகும். வெள்ளித் தட்டில் கோடு இன்னும் மெல்லிசாக இருக்கும். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டிய பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார்கள்.

இதையே அளவுகோலாக்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். தங்கம் பூசிய துண்டின்மேல் சிலிக்கான் ரப்பர் வளையம், அதன்மேல் ஸ்லைடு, இரண்டு பைண்டர் கிளிப். வளையத்தின் ஓரத்தில் ஊசியைக் குத்தி சிரிஞ்சால் நிரப்புங்கள். காற்று வெளியேற இன்னொரு ஊசியும் குத்தி வைக்க வேண்டும். லேசர் விழும் இடத்தில் குமிழி நின்றால் அன்றைய அளவு பாழ். காற்றில் 9.4இல் இருந்த சரிவு தண்ணீரில் சுமார் 33.7 டிகிரிக்குத் தாவியிருக்கும். ஸ்லைடு தட்டுக்கு இணையாக இருக்கும்வரை, கண்ணாடி கோணத்தைக் குழப்பாது, வெளியே படிக்கும் கோணத்தையே கணக்கில் போடலாம். தொலைநோக்கி முட்டும் தொல்லையும் இங்கே இல்லை.

90 கிராம் தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை கரைத்து ஏற்றுங்கள். கரைசலின் ஒளிவிலகல் எண் 0.015 அளவுக்குத்தான் கூடும், சரிவு சுமார் ஒன்றேகால் டிகிரி நகரும். ஒரு நிமிடம் படிக்கும் வெர்னியரில் அது எழுபத்தைந்து பிரிவு. வெயில் நாளில் தண்ணீர் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சரிவு அரை நிமிடம்தான் நகரும், ஆகவே மின்விசிறி ஓடும் அறையிலேயே தாராளமாகச் செய்யலாம். 5, 10, 15, 20 சதவீதம் என்று நான்கு கரைசல் எடுத்து நேர்கோடு வரைந்துகொண்டால், அடுத்த வகுப்புக்குக் கேன்டீன் எலுமிச்சை ஜூஸை வடிகட்டிக் கொண்டுவந்து அதில் சர்க்கரை எவ்வளவு என்று மாணவர்களையே தோராயமாகச் சொல்ல வைக்கலாம். முடிந்ததும் வளையத்துக்குள் மூன்று முறை நல்ல தண்ணீர் ஓட்டி, பிரித்து, உலர்த்தி வையுங்கள். ஒருமுறை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பைண்டர் கிளிப்பைச் சுற்றி எறும்பு வரிசை.